சூலூரில் ஏறிய புயல் கூண்டு

கோயம்புத்தூர் ஜில்லா உண்டான நாளிலிருந்து இன்றுவரை, கடலுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனுஷர் எங்கள் தெருவில்தான் இருந்தார். சூலூரிலிருந்து வங்காள விரிகுடா முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று இத்தனை ஊர் கிடக்கிறது. அத்தனையையும் தாண்டிக் கடல் ஒருநாள் எங்கள் தெருமுக்கில் வந்து நிற்கும் என்று அவர் நம்பினார். வருகிற கடலுக்கு முன்னால் தான் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலையெல்லாம்.

அவர் பெயர் என்னவோ ஒன்று, கரண்ட் பில்லில் இருக்கும். எங்களுக்கு அவர் கூண்டு சார். கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். 'துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தியில் சொல்வார்களே, அதைக் கயிறு பிடித்து ஏற்றிய கை அவருடையது. ரிட்டயர் ஆன பிறகும் அங்கேயே கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டு பதினோரு வருஷம் இருந்தார். சம்சாரம் தவறிப்போன பிறகு, அடுத்த புயலில் அப்பா தனியாக மாட்டிக்கொள்வாரே என்று மகளுக்குப் பயம். அப்போது அவள் கோயம்புத்தூரில் வேலையிலிருந்தாள். அப்பாவைக் கூட்டி வந்து எங்கள் தெருவில் குடிவைத்தாள். ஆறே மாசத்தில் அவளுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. அவர் இங்கேயே நின்றுபோனார்.

எங்கள் தெருவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மொத்தம் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டிலும் பென்ஷன்காரர்கள். பிள்ளைகள் எல்லாம் வெளியூர், வெளிநாடு. நான் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டி வெளியே வந்தவள். எங்கூட்டுக்காரர் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், இப்போது டி.வி.க்கு சூப்பர்வைசர். எங்கள் தெருவில் எல்லாரும் எல்லாரிடமும் பேசுவோம், ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றுதான். "சாப்பிட்டாச்சுங்களா?" "ஆச்சுங்க. நீங்க?" "ஆச்சுங்க." அவ்வளவுதான், கேட்டைச் சாத்திக்கொண்டு அவரவர் உள்ளே போய்விடுவோம்.

கூண்டு சார் வந்த முதல் நாள் எங்கூட்டுக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி, "கடல் எந்தப் பக்கம் சார்?" என்பது. டி.வி.யை விட்டு எழுந்து வந்த கடுப்பில் எங்கூட்டுக்காரர் திருப்பூர் பஸ் வருகிற திசையைக் காட்டிப்போட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து கூண்டு சார் தினமும் காலையில் மொட்டைமாடி ஏறி, திருப்பூரைப் பார்த்து நின்று, மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிப்பார். சாயப்பட்டறை வாசம் தவிர வேறென்ன வந்திருக்கப் போகிறது!

அந்த வருஷம் ஐப்பசியில் முதல் கூண்டு ஏறியது. எதிர்வீட்டுப் பழனியம்மாளிடம் கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடை இரண்டு கேட்டு வாங்கினார். அவற்றுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, மாடியில் ஒரு நீளக் கம்பு நட்டு, உச்சியில் ஒன்றை ஏற்றிவிட்டார். பழனியம்மாள் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், கூடை அங்கே இருக்குது, கோழி எங்கீங்க?"

"கோழி இல்லம்மா. ஒண்ணாம் நம்பர். தூரத்துல ஒரு தாழ்வு உருவாயிருக்கு, யாரும் கடலுக்குப் போக வேணாம்."

"நானெதுக்குங்க கடலுக்குப் போறேன்! அன்னூருக்கே மாசம் ஒருக்காத்தான் போறேன்."

கோழி வாங்க வக்கில்லாமல் மனுஷன் வெறும் கூடையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. மறுநாள் காலையில் ஒரு நாட்டுக்கோழியைக் கொண்டுபோய் அவர் கேட்டுக்குள் விட்டுவிட்டு வந்தாள். அவர் அதை வளர்த்தார். புயல் செய்தி வந்தால் அதற்குத்தான் முதலில் சொல்வார்.

அந்தப் பழனியம்மாளையே போன வருஷம் ஐப்பசியில் அழவைத்தார். அவள் வீட்டில் மூன்று தென்னை. கூண்டு சாரின் கடலோர ஊரில் புயலுக்கு முன்னால் மரத்துக் குலையையும் பாதி மட்டையையும் வெட்டி இறக்கிவிடுவார்களாம். தலைக்கனம் குறைந்தால் மரம் சாயாதாம். அவள் அன்னூர் போயிருந்த நாளாகப் பார்த்து, மரமேறியைக் கூட்டி வந்து, இளநீர், குரும்பை ஒன்று விடாமல் இறக்கிவிட்டார். திரும்பி வந்தவள் மூன்று மொட்டை மரத்தையும் பார்த்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் சண்டை என்றாலும் மரியாதை குறையாது.

"நீங்க நல்லா இருப்பீங்களாங்க சார்? உங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுங்களா? இப்புடிப் பண்ணிப்போட்டீங்களே, நாசமாப் போறவருங்க நீங்க!"

"மரம் நிக்கும்மா. நாளைக்கு நீங்களே பாருங்க."

மரம் நின்றது. புயல் ஆந்திராப் பக்கம் போய்விட்டதால் எங்கள் தெருவில் துணிக்கொடியில் இருந்த துண்டுகூட நின்ற இடத்திலேயே நின்றது.

எங்கள் முறை அதற்கடுத்த வாரம் வந்தது. நாங்கள் கல்யாணத்துக்குக் கொடுமுடி போயிருந்த நேரத்தில் எங்கள் மாடியேறி, தண்ணி டேங்கைக் கப்பல் கட்டுகிற கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறார். கட்டின கட்டில் குழாய் நெளிந்து, வீட்டில் சொட்டுத் தண்ணி இல்லை. பட்டுச்சேலையை மாற்றாமல்கூட, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அவர் வீட்டுக் கேட்டைத் தாண்டினேன்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தபடிதான் உள்ளே போனேன். ஹாலைப் பார்த்ததும் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. சுவரோரமாய் சுருட்டி நிறுத்திய கோரைப்பாய் இருபது இருக்கும். கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டு ஒரு அடுக்கு. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் ரவை. மூலையில் ஒரு பெரிய அண்டா. நடுவில் ஒரே ஒரு நாற்காலி.

"என்னங்க சார் இது, ஊட்ல ஏதாவது விசேஷமுங்களா? ஒறம்பரை, சொந்தக்காரங்க யாராச்சும் வாராங்களா?"

"உக்காருங்கம்மா" என்று நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவர் நின்றார். "எங்க ஊர்த் தெருவுல என் வீடு ஒண்ணுதான் கான்கிரீட் வீடு. மத்ததெல்லாம் ஓலையும் ஓடும். மூணாம் நம்பர் ஏறிட்டா மொத்தத் தெருவும் பாயைச் சுருட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துரும். ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி இடுப்புல சொருகிக்கிட்டு, ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு. என் சம்சாரம் இந்த அண்டாவுலதான் உப்புமா கிண்டுவா. ஒரு புயலுக்கு முப்பத்தெட்டு பேரு. இதே மாதிரி ஹால்ல ஒரு பொம்பளைப் புள்ள பொறந்துச்சு, தெரியுமா? வெளியில காத்து ஊளையிடும். உள்ள ஒருத்தரோட ஒருத்தர் கால் இடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, சண்டை போட்டுக்கிட்டு..."

ஒரு தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இங்க வந்து ரெண்டு வருஷமாச்சும்மா. என் பொண்ணைத் தவிர இந்த வீட்டுக்குள்ள வந்து உக்காந்த ஆள் நீங்கதான். நீங்களும் திட்டத்தான் வந்திருக்கீங்க."

நான் என்னத்தைத் திட்டுவேன்! "டேங்கை நல்லா இறுக்கிக் கட்டியிருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் எங்கூட்டுக்காரர் வாளியோடு நின்றுகொண்டு, "என்ன சொன்னான் அந்த ஆளு?" என்றார். வாளியை வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குத் தண்ணிக்குப் போனேன். கூண்டு சார் இத்தனை நாளாகப் புயலுக்குப் பயப்படவே இல்லை, புயல் வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த மாசம், கார்த்திகையில், நிஜமாகவே ஒரு புயல் கரையைக் கடந்து, உள்ளே நடந்து, எங்கள் பக்கம் கனமழை வரும் என்று செய்தியில் சொன்னார்கள். கூண்டு சாருக்குக் காலே தரையில் பாவவில்லை. மாடியில் இரண்டு கூடையும் ஏறின. முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் நோட்டோடு கேட் கேட்டாகப் போனார்.

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எல்லாரும் என் வீட்டுக்கு வந்துருங்க. தலகாணி மட்டும் எடுத்துட்டு வாங்க. உங்க வீட்ல எத்தனை பேரு?"

இங்கேதான் அவர் ஒரு தப்புக் கணக்குப் போட்டார். கொங்கு நாட்டு மனுஷர் யாரும் மூஞ்சிக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள் என்பது கடலோரத்து ஆளுக்குத் தெரியுமா? பதினோரு வீட்டிலும் ஒரே பதில்தான். "ஆவட்டுங்க சார், வந்தர்றோமுங்க." நானும் சொன்னேன். எங்கூட்டுக்காரரும் தலையை ஆட்டினார். பழனியம்மாள் ஒருபடி மேலே போய், "நாங்க வராம யாருங்க வருவாங்க!" என்றாள். அவர் நம்பி ஒவ்வொரு பேராக எழுதிக்கொண்டார். மொத்தம் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேருக்கும் சேர்த்து அண்டாவை அடுப்பில் ஏற்றினார். வெங்காயம் வதங்குகிற வாசம் மத்தியானம் மூன்று மணிக்கே தெருவைத் தூக்கியது.

ஐந்தரைக்கு மழை பிடித்தது. நல்ல மழைதான், ஆனால் நாங்கள் பார்க்காத மழையொன்றும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு, குடையும் டார்ச்சுமாய் நிற்கிறார். ஆறு ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. தெருவில் ஒரு கேட் திறக்கவில்லை. எல்லா ஜன்னல் திரையும் ஒரு விரல்கடை விலகித்தான் இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், மகா பாவிகள்!

பழனியம்மாள் போன் செய்தாள். "ஏனுங் அம்மணி, நீங்க போறீங்களா?"

"நீங்க?"

"நீங்க போனா நான் வாரனுங்க. தனியாப் போனா ஒரு மாதிரி இருக்குதுங்க."

இப்படியே பதினோரு வீட்டிலும் மற்றவர் போகட்டும் என்று காத்திருந்தோம். ஆறரைக்கு அவர் நோட்டைத் திறந்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். மூடினார். கேட்டின் ஒரு கதவை மெதுவாகச் சாத்தினார். இன்னொன்றைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஏனுங்க, எந்திரிங்க" என்றேன்.

"மேட்ச் ஓடுது அம்மணி."

"அந்த மனுஷன் கேட்டைச் சாத்தறாருங்க. எந்திரிக்கறீங்களா இல்லையா?"

என் குரலில் என்ன இருந்ததோ, எழுந்துவிட்டார். நான் தலையணையை பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினேன். எங்கள் வீடு கட்டி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. முழுக்க கான்கிரீட், அவர் வீட்டைவிட உறுதி. அவர் கேட்டில் போய் நின்று, மூச்சு வாங்க, "சார், ஹாலெல்லாம் ஒழுகுதுங்க. எங்களுக்குப் பயமா இருக்குதுங்க" என்றேன்.

அவர் என் வீட்டு மாடியை ஏறி அளந்தவர். கயிறு கட்டியவர். அவருக்கா தெரியாது? என்னையே பார்த்தார். "பயப்படாதம்மா. உள்ள வா" என்றார். இரண்டு வருஷமாகப் 'போங்க வாங்க' என்று பேசியவர் அன்றைக்குத்தான் என்னை ஒருமையில் கூப்பிட்டார்.

பின்னாலேயே எங்கூட்டுக்காரர் வந்தார், தலையணைக்குப் பதிலாக டி.வி. ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. அவ்வளவுதான், எதிர்வீட்டுக் கேட் திறந்தது. அதற்கடுத்தது திறந்தது. ஒருவர் வீட்டில் ஒழுகல், ஒருவருக்குக் கரண்ட் இல்லை, ஒருவருக்கு இடியென்றால் சின்ன வயசிலிருந்தே ஆகாது. இத்தனை பொய்யை ஒரே சாயங்காலத்தில் எங்கள் தெரு சொன்னதே இல்லை. ஏழு மணிக்குப் பத்தொன்பது பேரும் அந்த ஹாலில் இருந்தோம். நோட்டில் டிக் போட்டுவிட்டு உப்புமா பரிமாறினார். உப்பு கூடுதல். பழனியம்மாள் தென்னை மரத்துச் சண்டையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துச் சிரித்தோம். எதிரெதிரே குடியிருந்துகொண்டு, ஒருவருக்கு ஒருவர் என்ன வியாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

ஏழரைக்கெல்லாம் மழை நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக நட்சத்திரமே தெரிந்தது. பார்க்காத மாதிரி எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டோம். காற்றை மோந்தே மழை சொல்கிற மனுஷர், அவரும் வெளியே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"இன்னும் பலமா வரும். யாரும் எந்திரிக்காதீங்க" என்றார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இந்த வருஷம் சித்திரையில் மகள் வந்து அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். பதினாலாவது மாடியாம். கோழியைப் பழனியம்மாள் திருப்பி வாங்கிக்கொண்டாள். அவர் வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. நாங்கள் பழையபடி கேட்டுக்கு வெளியே நின்று, சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு தரம் அதுபோல எல்லாரும் உட்காரலாமே என்று யாராவது சொல்வார்கள், ஆவட்டுங்க என்று எல்லாரும் சொல்வோம்.

போன வாரம் செய்தியில் வங்கக் கடலில் புதுசாக ஒரு தாழ்வு என்றார்கள். எங்கூட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சத்தத்தைக் குறைத்து நான் பார்த்ததில்லை.

"சாருக்கு ஒரு போன் போடு அம்மணி. எப்பக் கரையைக் கடக்குதுன்னு கேளு."

அதைத்தான் டி.வி.யில் படம் போட்டு, நேரத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்து சாரைக் கூப்பிட்டேன்.