ஹெடர் யார் மெஷினில்?

"புதுக் கெர்னலைக் காணோம்னு சாதிக்குது, தாடி! நேத்துதான் போட்டேன்!"

புதுசு திரையைக் காட்டிப் புலம்பினான். ஆபீசில் சேர்ந்து ஆறு மாதமாகியும் அவனுக்கு அந்தப் பெயர்தான். ஸ்கேனரை இயக்க அவன் எழுதிய டிரைவர் புரோகிராம் இன்று மாலைக்குள் ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

பக்கத்து சீட்டு சீனியரான தாடி போனில் இருந்தான். கையை மட்டும் ஆட்டினான்.

விஷயம் இதுதான். கணினியில் எல்லாவற்றுக்கும் அடித்தளமாகக் கெர்னல் என்ற மென்பொருள் இருக்கிறது. அதனிடம் மற்ற புரோகிராம்கள் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்பவை ஹெடர் ஃபைல்கள். புதுசு போட்டதோ புதுக் கெர்னல். அவன் மெஷினின் பொது ஃபோல்டரில் இருந்ததோ பழைய ஹெடர். "அட, இவ்வளவுதானா!" என்று பழையதை அடியோடு அழித்துவிட்டுப் புதியதை அங்கே வைத்தான். சும்மா இருந்திருக்கலாம், மனுஷன்!

டிரைவர் சமர்த்தாக கம்பைல் ஆகி ஓடத் தயாரானது. ஓட்டியதும் படுத்துவிட்டது. அதன்பின் கம்பைல் செய்த மற்ற புரோகிராம்களும் ஒவ்வொன்றாக முரண்டு பிடித்தன.

போனை வைத்த தாடி தலையில் அடித்துக்கொண்டான். "அந்த ஃபோல்டர்ல ஏன்டா கை வெச்சே? எல்லா புரோகிராமும் நம்பியிருக்கிற சி லைப்ரரி எந்த ஹெடரை வெச்சு பில்ட் ஆகி உருவாச்சோ, அதுதான் அங்க இருக்கணும். கெர்னலை எத்தனை தரம் வேணா மாத்து, அதைத் தொடாதே. புது ஹெடர் வேணும்னா தனியா வெச்சு, உன் டிரைவருக்கு மட்டும் வழி காட்டு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ அழிப்பேன்னு நான் கனவா கண்டேன்? போ, பழசை அக்காகிட்ட வாங்கு."

எதிர் மேசை அக்கா, மகராசி, உடனே தன் ஃபோல்டரைத் திறந்தாள். அதிலும் புது ஹெடர்தான்!

"ஐயோ, நான் காப்பி வைக்கலப்பா. இடம் மிச்சமாகட்டும்னு தாடி மெஷின்ல இருக்கறதுக்கே லிங்க் குடுத்திருந்தேன்."

தாடி கீபோர்டைத் தட்டினான்.

"நானும் லிங்க்தான்."

"யாருக்கு?"

"இப்ப நீ வெச்சிருக்கிற மெஷினுக்குத்தான். நீ வர்றதுக்கு முன்னாடி போட்டது, மறந்தே போச்சு."

புதுசுக்குத் தலை சுற்றியது. அவன் அழித்தது அவனுடையதா, ஊருக்கே பொதுவா? அதற்குள் எல்லா மேசையிலிருந்தும் "எதுவும் பில்ட் ஆகல!" என்று கூச்சல் கிளம்பியது.

மேனேஜரம்மா ஓடி வந்தாள். "என்ன ஆச்சு?"

"இவன் மெஷின் கோளாறு மேடம். அதான் எல்லாருக்கும் நின்னுபோச்சு" என்றான் தாடி.

போட்டுக்கொடுத்துவிட்டானே, பாவி! மேனேஜரம்மா புதுசை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். புதுசு தண்ணீர் பாட்டிலைப் பையில் திணித்தான். மனைவி போனில் வந்தாள்.

"ஏங்க, ஆச்சா?"

"ஆச்சு. எல்லாம் ஆச்சு."

அறையிலிருந்து மேனேஜரம்மாவின் கிளார்க் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பையை வைங்க தம்பி, நிரந்தரம் பண்ணிட்டாங்க. 'சேர்ந்து ஆறு மாசத்துல மொத்த ஆபீசையும் ஒத்த மெஷின்ல தாங்கிட்டிருந்திருக்கான், இவனை விட்டுடாதீங்க'ங்கிறாங்க."