இருபது தோப்புக்கரணமும் ஐந்து ஓட்டங்களும்

நான் கிரிக்கெட் தெரியாமல் கிரிக்கெட் பழக்கியவன். இதை ஒப்புக்கொள்ள இப்போது எனக்குக் கூச்சமில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எங்கள் ஊரான கிரான்பர்னில் பாதிப்பேருக்குத் தெரிந்த விஷயம்தான்.

எட்டு வருடங்களுக்கு முன்பு என் மகள் ஆரணிக்குப் பத்து வயது. சிட்னியில், பரமட்டாவில் இருந்த நாங்கள், எனக்கு மெல்பேர்னில் மரக்கறி பொதி செய்யும் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்ததால் இங்கே வந்து சேர்ந்தோம். பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. ஒரு வருடமாக மதிய இடைவேளையில் நூலகத்தில் தனியே இருக்கிறாள் என்று வகுப்பாசிரியை சொன்னார். பிறகு வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கழகத்தின் சிறுமியர் கிரிக்கெட் அணியில் சேர்ந்தாள். இரண்டாம் வாரம் சார்லட் என்றொரு சிநேகிதி கிடைத்தாள். மூன்றாம் கிழமை சார்லட்டின் பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் வந்தது. அதை ஆரணி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, பிறந்தநாள் முடிந்த பிறகும் கழற்ற விடவில்லை. அவள் இந்த ஊரில் சிரிக்கத் தொடங்கியதே அந்த மைதானத்தில்தான். அதைக் கெடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தேன்.

அணிக்குப் பயிற்சியாளர் இல்லை. அணியின் முகாமையாளர் டெப் என்ற ஒரு தாய். கையில் எந்நேரமும் கோப்பிக் குவளை இருக்கும். பெற்றோரைச் சுற்றிப் பார்த்து, யாராவது கிரிக்கெட் விளையாடியிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் கையை உயர்த்தி, யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணியில் இருந்தேன் என்றேன். (இருந்தனான்தான். பன்னிரண்டாவது ஆள். தண்ணி கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் வேலை.) டெப் பயிற்சியாளருக்கான நான்கு பக்க விதிமுறைத் தாளொன்றைத் தந்தார். ‘வாசித்து விளங்கிக்கொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். வாசிக்கவுமில்லை, விளங்கவுமில்லை. கையெழுத்து மட்டும் நன்றாக வந்திருந்தது.

முதல் நாள் பன்னிரண்டு சிறுமிகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரிந்த பயிற்சி முறை ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்தில் எங்கள் விளையாட்டு ஆசிரியருக்குப் பந்தைத் தவறவிட்டாலும் தண்டனை, பிந்தி வந்தாலும் தண்டனை, ஏன் தண்டனை என்று கேட்டால் அதற்கும் தண்டனை. மட்டையை எப்படிப் பிடிப்பது என்று அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே நானும் அதைத் தவிர்த்துவிட்டு நேரே தண்டனையிலிருந்து தொடங்கினேன்.

பந்தைப் பிடிக்காமல் விட்டால் பத்துத் தோப்புக்கரணம். கைகளைக் குறுக்கே போட்டு, வலது காதை இடக்கையாலும் இடது காதை வலக்கையாலும் பிடித்து, உட்கார்ந்து எழும்ப வேண்டும், வாய்விட்டு எண்ண வேண்டும். நானே செய்து காட்டினேன். மூன்றாவதில் என் முழங்கால் போட்ட சத்தத்தில் சார்லட் பயந்துவிட்டாள். பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டாக இருந்தது. காதைப் பிடிக்கிற விஷயம் என்று பெயரும் வைத்தார்கள்.

சட்டத்தில் ஒரு முக்கியப் பிரிவு இருந்தது. பிழை நடந்த இடத்திலேயே, அந்தக் கணமே செய்ய வேண்டும். பிறகு செய்கிறேன் என்று தவணை கேட்க முடியாது. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இன்னொரு பிரிவு ஆரணிக்கு மட்டும். அவளுக்குப் பத்தல்ல, இருபது.

"ஏன் அப்பா எனக்கு மட்டும் இருபது?" என்று காரில் கேட்டாள்.

"நான் உனக்குப் பக்கம் சாயிறன் எண்டு ஆரும் சொல்லக்கூடாது."

"ஒருத்தரும் சொல்லேல்லையே."

"சொல்லக்கூடாது எண்டுதான்."

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என் நியாயம் அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். (எனக்கே இண்டைக்கும் விளங்கேல்லை.)

ஆறு கிழமையில் பிள்ளைகளின் தொடைகள் நன்றாக வலுத்தன. பந்து பிடிக்கும் திறமை இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் குறைந்தது என்றும் சொல்லலாம். பந்து உயரே கிளம்பினால் சில பிள்ளைகளின் கை பந்துக்குப் போகாமல் முன்கூட்டியே காதுக்குப் போகத் தொடங்கியிருந்தது. இதை ஒழுக்கத்தின் வெற்றி என்று மேகலாவிடம், அதாவது என் மனைவியிடம், சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை காலை வந்தது. பக்கத்து ஊர் அணியுடன் போட்டி. கடைசிப் பந்து. அவர்கள் வெல்ல ஐந்து ஓட்டங்கள் வேண்டும். ஆறு அடிக்கும் பலம் அந்த வயதில் யாருக்கும் இல்லை. பந்தை எல்லைக்கோட்டுக்கு அடித்தாலும் நான்குதான், நாங்கள்தான் வெற்றி. நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, மற்ற அணியின் பயிற்சியாளருக்கு என்ன ஆறுதல் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதிரணிப் பிள்ளை பந்தை உயரத் தூக்கி அடித்தாள். அது நேரே சார்லட்டின் கைக்கு வந்து, கையிலிருந்து நழுவி, காலடியில் விழுந்தது. பந்தை எடுத்து எறிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். சார்லட் பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒன்று."

எதிரணிப் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள்.

ஆரணி பாய்ந்து வந்து பந்தை எடுத்து விக்கெட் காப்பாளரிடம் எறிந்தாள். அவசரத்தில் எறி விலகிப் போனது. விலகிய எறிக்கும் தண்டனை உண்டு. ஆரணி நின்ற இடத்திலேயே காதைப் பிடித்தாள். விக்கெட் காப்பாளர் எட்டிப் பாய்ந்தும் பந்து கிடைக்கவில்லை. அவளும் கையுறைகளைக் கழற்றிக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு (கையுறையோட காது பிடிபடாது) உட்காரத் தொடங்கினாள். பந்து எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் இப்பால் ஈரப் புல்லில் நின்றுவிட்டது. மிச்சப் பிள்ளைகள் அதை எடுக்கப் போகவில்லை. தண்டனை நடக்கும்போது அசையக்கூடாது என்பதும் என் சட்டம்தான்.

நான் கத்தினேன். "விடு! பந்தை எடு! காதை விட்டிட்டுப் பந்தை எடு!" பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. அந்த மைதானத்தில் தமிழ் விளங்கக்கூடிய ஒரே வீராங்கனை இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு ஏழாவதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எதிரணி ஐந்து ஓட்டங்களையும் ஓடியே எடுத்தது. கடைசி ஓட்டத்தைச் சிரிப்புத் தாங்காமல் நடந்தேதான் எடுத்தார்கள். இரண்டு அணிகளும் வரிசையில் நின்று கைகொடுத்தபோது எங்கள் அணியில் ஒருத்தி குறைந்தாள். நடு மைதானத்தில் ஆரணி தனியே, "பதினேழு, பதினெட்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இருபதை முடித்துவிட்டுத்தான் வந்தாள். கண்ணில் நீர் நின்றது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மற்ற அணியின் பயிற்சியாளர் வந்து, மிகுந்த மரியாதையாக, "இது உங்கள் பண்பாட்டில் ஏதாவது வழிபாடா?" என்று கேட்டார். பக்கத்தில் டெப்பும் நின்றார்.

"ஆம்" என்றேன். "எங்கள் சமயத்தில் யானைமுகக் கடவுளுக்கு முன்னால் செய்வது."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கோயிலில் பிள்ளையாருக்கு முன்னால் நாங்கள் செய்வதுதான். ஆனால் கிரான்பர்ன் மைதானத்தில் பிள்ளையார் எங்கும் இருக்கவில்லை, நான்தான் இருந்தேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். டெப்பின் கண் கலங்கியது. இத்தனை நாளும் தெரியாமல் போய்விட்டதே, அடுத்த வியாழன் பயிற்சியில் எல்லாருமாகச் சேர்ந்து செய்வோம், கழகச் செய்தி மடலுக்குப் படமும் எடுப்போம் என்றார். நல்லது என்று தலையாட்டினேன்.

காரில் ஆரணி வெடித்தாள். (கோபம் வந்தா அவளுக்கு ஆங்கிலம்தான். நான் தமிழில எழுதிறன்.) "அது வழிபாடு இல்லை, தண்டனை. நீங்கள் பொய் சொன்னீர்கள். நான் இனி விளையாட வரமாட்டேன்."

நான் சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கிரிக்கெட் பையைக் கொண்டுபோய்க் காரேஜில், பழைய வர்ணத் தகரப் பேணிகளுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு குசினிக்குள் போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த சார்லட்டின் அழைப்பிதழைக் கழற்றினாள். 

"உங்களைக் காப்பாத்தப் பிள்ளையாரோ கிடைச்சவர்?" என்றாள் மேகலா. "போய் உள்ளதைச் சொல்லுங்கோ. இல்லாட்டிப் பிள்ளை திரும்ப அந்த நூலகத்துக்குள்ளதான் போய் இருப்பாள்."

வியாழக்கிழமை ஆரணி காரிலிருந்து இறங்க மறுத்துவிட்டாள். நான் மட்டும் மைதானத்துக்குப் போனேன். பதினொரு சிறுமிகளும் டெப்பும் சில பெற்றோரும் காதைப் பிடித்தபடி படத்துக்குத் தயாராக நின்றார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். இது தண்டனை, நான்தான் கொடுத்தேன், வழிபாடு என்றது பொய். ஒவ்வொருவராகக் காதை விட்டார்கள்.

டெப் அந்த நான்கு பக்கத் தாளைப் பற்றிக் கேட்டார். உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுக்கக்கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறதாம். ஓட்டம் என்றாலே தண்டனைதான் என்று பிள்ளைகளுக்குப் பதிந்துவிட்டால் பிறகு விளையாட்டையே வெறுத்துவிடுவார்களாம். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். சிரித்த முகத்தோடேயே என்னைப் பயிற்சியாளர் பதவியிலிருந்தும் நீக்கினார்.

அதெல்லாம் பெரிதாகச் சுடவில்லை. சார்லட் கையை உயர்த்தி ஒன்று கேட்டாள். "ஆரணி மட்டும் ஏன் எப்போதும் இருபது செய்தாள்?"

"அவள் என் மகள் என்பதால்."

"அது அநியாயம்" என்றாள் சார்லட். பதினொரு தலைகளும் ஆடின. எனக்கு அன்றைக்குத்தான் உண்மையில் வெட்கமாக இருந்தது.

காருக்குத் திரும்பினேன். "சொல்லிப்போட்டன்."

"இருபது எண்டதையும் சொன்னீங்களோ?"

"சார்லட் கேட்டவள். சொன்னனான். அவள் அநியாயம் எண்டு சொன்னவள்."

ஆரணி சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். மூன்று கிழமை என்னோடு ஒழுங்காகப் பேசவில்லை, ஆனால் விளையாடப் போனாள். எனக்குக் கழகத்தில் சொசேஜ் வாட்டும் பொறுப்புக் கிடைத்தது. அதில் இன்றுவரை என் மீது புகார் இல்லை.

இப்போது ஆரணிக்குப் பதினெட்டு வயது. அதே கழகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதிய பயிற்சியாளர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லிக் காட்டுகிறாள், பெயர் சொல்லாமல். போன மாதமும் சொன்னாள். மைதானமே சிரித்தது. அது முடிந்து, புதிதாகப் பயிற்சியாளராக வந்த ஒரு தமிழ்த் தகப்பன் நேரே என் சொசேஜ் தட்டுக்கு வந்தார்.

"அண்ணை, உப்பிடியும் ஒரு விசரன், பைத்தியக்காரன் இருந்தவனோ?"

"இருந்தவன் தம்பி."

அவர் சொசேஜ் வைத்த பாண் துண்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தோப்புக்கரணம் கொஞ்சம் கூடத்தான். ஆனா சும்மா ரெண்டு ரவுண்ட் ஓட விட்டா ஒண்டும் சொல்லமாட்டினம் என்ன? என்ர மகளும் அணியில நிக்கிறாள். அவளுக்கு நாலு ரவுண்ட் குடுத்தா மற்றவையும் கதைக்கேலாது."

நான் இடுக்கியைக் கீழே வைத்தேன். "தம்பி, அந்த விசரன் நான்தான்" என்று சொல்லி, ஆரணியைக் காட்டினேன். "அந்தா நிக்கிறாள். அண்டைக்கு எல்லாரும் பார்க்க இருபதும் முடிச்சவள் அவள்தான்."

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஆரணியைப் பார்த்தார், பிறகு தன் மகளைப் பார்த்தார். யாரையும் ஓட விடவில்லை. ஆனால் வீட்டில் போய்க் கதையைச் சொல்லியிருக்கிறார் போலும். இப்போது கழகத்துச் சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் ‘பத்து அங்கிள்’. என் உண்மையான பெயர் அவர்களுக்குத் தெரியாது. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆரணியின் கைத்தொலைபேசியில் என் இலக்கத்துக்கு மேலே ‘அப்பா’ என்று இல்லை. ‘இருபது’ என்றுதான் இருக்கிறது.