மேற்குக் கல்

சூரியன் உதிப்பதற்குக் கிழக்குத் திசை போதும். இரணியலில் எங்கள் தெருவில் பொங்கல் பானை ஏறுவதற்கு ரசமட்டக் கொத்தனாரும் வர வேண்டும்.

தை முதல் நாள் விடியும் முன்பே முற்றம் முற்றமாக ஏறி இறங்குவார். அடுப்புக் கற்களின் மேல் ரசமட்டத்தை வைத்து, அதிலுள்ள குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை யாரையும் தீக்குச்சி உரச விடமாட்டார். ஒரு வருடம் கண்ணாடியை மறந்து வந்துவிட்டார். அவர் வீட்டுக்குப் போய்த் திரும்பும்வரை தெருவே ஓலையும் கையுமாக நின்றது. இன்னொரு வருடம் பக்கத்து வீட்டு முற்றமே சரிவு என்று சொல்லி, சிமெண்டுத் தரையைக் கொத்திவிட்டார்.

பொங்கல் கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது என்பார்கள். அதற்காக, பானை கிழக்கே சாயும்படி மேற்குக் கல்லுக்கு அடியில் ஓட்டுச்சில் ஒன்றைச் செருகுவது என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். கொத்தனார் அதை உருவி எடுத்துவிடுவார்.

"இது என்ன சாரே?"

"எலி தள்ளியிருக்கும்."

"எலி கரெக்டா மேக்குக் கல்லுக்கு அடியிலயா கொண்டு வைக்கும்? வருசம் பூரா சோறு தந்த சூரியனுக்கு நன்னி சொல்லப் போறிய. அங்கயும் கள்ளத்தனமா?"

பதினோரு வருட டைரியைப் புரட்டிப் பார்த்தேன். தெற்கே ஆறு முறை, வடக்கே மூன்று, மேற்கே இரண்டு. கிழக்கே ஒருமுறைகூட இல்லை.

"அந்த மனுசனுக்கு ஒரு பொங்கலுக்காவது காய்ச்சல் வரப்படாதா?" என்பாள் என் மனைவி.

மகளுக்குத் தலைப்பொங்கல் வந்தது. புதுப்பானையும் பொங்கப்படிச் சீருமாக, தை முதல் நாள் இருட்டிலேயே ராஜாக்கமங்கலத்துச் சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டோம். கார்க் கதவைத் திறந்தால் உள்ளே கொத்தனார்.

"நம்ம தெருவ ராத்திரியே பாத்து முடிச்சாச்சு. அங்க புது அடுப்புல்லா? மட்டம் பாக்காண்டாமா?"

 கல்யாணம் முடிந்த மறுவாரம் சம்பந்தி வீட்டுக் கிணற்று மோட்டார் எரிந்துபோயிருந்தது. மருமகள் வந்த ராசி என்று சம்பந்தி அம்மாள் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அன்றும் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் பொங்குதுன்னு பாப்போம். ராசி தெரிஞ்சிரும்லா" என்றார். அகப்பையோடு நின்ற மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேற்குக் கல்லைப் பார்த்தேன். கொத்தனார் அதன் அருகிலேயே குத்தவைத்திருந்தார்.

ரசமட்டத்தை வைத்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. அவர் மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"மணலு இளகிக் கிடக்கு" என்று முனகியபடி மடியிலிருந்து ஓட்டுச்சில் ஒன்றை எடுத்து மேற்குக் கல்லுக்கு அடியில் செருகினார். மூலை உடைந்த சில். போன வருடம் என்னிடமிருந்து பறித்தது. பிறகு குமிழியைப் பார்க்காமலே ரசமட்டத்தைத் துண்டில் சுற்றிவிட்டார்.

பால் கிழக்கே பொங்கி வழிந்தது. குலவைச் சத்தத்தில் முதல் குரல் சம்பந்தி அம்மாளுடையது. "ராசிக்காரிதான் எம் மருமவ" என்று மகளின் கன்னத்தை வழித்தார்.

திரும்பும் வழியில் மெல்லக் கேட்டேன். "கொத்தனாரே, அந்த ஓட்டுச்சில்லு?"

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எலி தள்ளியிருக்கும், சாரே."

அன்றைய டைரியில் 'காலை 7.12, கிழக்கு' என்று எழுதினேன். எதையும் விடாமல் எழுதுகிற நான், ஓட்டுச்சில்லை மட்டும் எழுதவில்லை.