மாதிரி ஜோடியும் ஒரு துண்டுத் தரையும்

ஏழைகள் ஏழைகளாக இருப்பது காசு இல்லாததால் அல்ல, ஆணும் பெண்ணும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளத் தெரியாததால்தான் என்ற மாபெரும் உண்மையைக் கண்டறிந்த பெருமை, அமெரிக்காவின் டொலிடோ நகரத்து ‘இணைந்த இதயங்கள்’ திட்டத்தையே சாரும். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற ஏழை ஜோடிகளுக்கு அது புதன்கிழமை மாலைதோறும் அன்பைப் பாடமாக நடத்தியது. செலவு அரசாங்கத்துடையது. அன்புக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்?

ஷனீஸ் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. அவளுக்குப் பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. அவளுடைய டெரலுக்கு இரவில் கிடங்கில் வேலை. இவள் உள்ளே வரும்போது அவன் வெளியே கிளம்புவான். கைக்குழந்தை மைக்காவை வாசலில் கைமாற்றிக்கொள்வதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. வகுப்பிலோ பீட்சா உண்டு. பக்கத்து அறையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. இருவரும் பின்வரிசையில் தோளோடு தோள் சாய்ந்து அருமையாகத் தூங்கினார்கள்.

இயக்குநர் டாக்டர் பிரெஸ்காட் இதைக் கவனித்தார். மற்ற ஜோடிகள் காச்சு மூச்சென்று கத்த, இவர்கள் மட்டும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ‘முரண்பாடற்ற உயர்நிலை’ என்று அறிக்கை எழுதி, பாதியிலேயே தேர்ச்சி கொடுத்துவிட்டார். மாதிரி ஜோடி என்று கையேட்டுக்குப் படமெடுக்க ஆளும் வந்தாயிற்று.

“இனிமே நீங்க வகுப்புக்கு வரவே வேண்டாம்!” என்றார் முகமெல்லாம் பல்லாக.

ஷனீஸுக்குத் தூக்கம் பறந்துவிட்டது. டெரலை விலாவில் இடித்தாள். “டேய், எழுந்திரு. நம்மள பாஸ் போட்டுட்டாங்க.”

“நல்லதுதானே?”

“மண்ணாங்கட்டி! அப்புறம் உன் மூஞ்சிய நான் எங்க பாக்குறது? சண்டை போடு, சீக்கிரம்.”

டெரல் யோசித்தான். “உங்கம்மா செய்யுற மக்ரோனி வாயில வைக்க முடியல.”

“அடப்பாவி! மூணு தட்டு தின்னியே!”

“ஆகா, சிரிப்பாலயே சண்டைய தீர்த்துக்குறாங்க!” என்று கைதட்டினார் டாக்டர்.

அந்த வகுப்பில் ஒரு புனிதப் பொருள் இருந்தது. சதுரமாக வெட்டிய தரைவிரிப்புத் துண்டு. பேசும் உரிமையை ஆங்கிலத்தில் ‘ஃப்ளோர்’ என்பார்களே, அதனால் அதன் பெயர் ‘தரை’. அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம். எதிரில் இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் “சரி” என்ற பிறகுதான் தரை கைமாறும். ஷனீஸ் எழுந்துபோய் அதை எடுத்துக்கொண்டாள்.

“டாக்டர், எங்களுக்குப் பேசத் தெரியும். ஒரே நேரத்துல வேலை இல்ல. குழந்தைய பாத்துக்க ஆள் இல்ல. அவ்வளவுதான்.”

டாக்டரே வகுத்த விதி, மீற முடியுமா? “நீங்க தனிமையா உணர்றீங்கன்னு எனக்குக் கேக்குது.”

“இல்ல. வேலை நேரம்.”

“நேரத்தைப் பத்தி ஒரு பதற்றம்...”

“குழந்தைய பாத்துக்க ஆள், டாக்டர்!”

“உங்களுக்குள்ள இருக்குற குழந்தைய...”

மற்ற ஜோடிகள் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். டெரல் கடிகாரத்தைப் பார்த்தான். “நான் கிளம்புறேன் செல்லம். லேட்டானா வேலை போயிடும்” என்று அவள் நெற்றியில் முத்தமிட்டு ஓடினான். ஷனீஸுக்கு அழுகை முட்டியது. தரையை மட்டும் அவள் விடவில்லை.

கடைசியில் வியர்த்துப்போன டாக்டர் சொன்னார்: “ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வேலை வேணும். குழந்தையப் பாத்துக்க ஆள் வேணும். பாடம் வேண்டாம்.”

“சரி” என்று தரையை நீட்டினாள். ஏதாவது வழி பிறக்கும் என்று ஒரு நிமிடம் நம்பவும் செய்தாள்.

டாக்டர் தரையை மார்போடு அணைத்துக்கொண்டார். “பாத்தீங்களா எல்லாரும்! தன் தேவைய எவ்வளவு தெளிவா சொல்றாங்க! பயிற்சி முழு வெற்றி. இவங்களுக்கு இனிமே நம்ம உதவியே தேவையில்ல!”

ஜோடிப் படத்துக்கு ஓர் ஆண் குறைந்தது. கடமை தவறாத டாக்டர், பக்கத்து அறையிலிருந்து மைக்காவைத் தூக்கிவந்து இடுப்பில் வைத்துக்கொண்டு தாமே ஷனீஸ் பக்கத்தில் நின்றார். அந்தப் படம்தான் இப்போது திட்டத்தின் கையேட்டு அட்டை. அதில் மைக்கா, டெரல் போன வாசலைப் பார்த்து வீறிட்டு அழுகிறான். கீழே கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்: ‘ஒரு குழந்தைக்கு அப்பாவை மீட்டுத் தந்தோம்.’