வலுவிழந்த புயலும் வெள்ளைத் துணிப்பந்தலும்

கோயம்புத்தூர்க்காரனுக்கும் புயலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வங்கக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் ராத்திரி ரயில் ஏறி, காலையில் இறங்கி, அதற்கப்புறமும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டும். அப்படியிருந்தும் ஒரு புயலை, அது பிறந்த நாளிலிருந்து கரையேறிய நாள் வரை, பெற்ற தகப்பன் மாதிரி பக்கத்திலேயே இருந்து கவனித்தவன் நான். அது கடைசியில் என்னைத்தான் தேடி வந்தது.

முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சோமனூருக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டியே தறிக்குடோன், அதாவது விசைத்தறிக் கூடம், வைத்திருப்பவர். நானும் காயத்ரியும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. வேறு ஊராக இருந்தால் சத்தம் போட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். கல்யாணத்துக்கு வராதவர், எங்களுக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்கு எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“மாப்ளைக்கு ஃபேன் காத்துப் பத்துதுங்களான்னு கேளு கண்ணு” என்றார் காயத்ரியிடம்.

“பத்துதுங்க மாமா” என்றேன் நான். அது அவர் காதில் விழவில்லை.

“பத்துதாமாப்பா” என்றாள் காயத்ரி. உடனே விழுந்தது.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. குழந்தைக்குக் காது குத்த வேண்டிய நேரம் வந்தது. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் என்றால் காயத்ரியின் தம்பி கார்த்தி. அவன் தன் அப்பாவிடம் மல்லுக்கட்டி, “நம்மூட்டுலயே வெச்சுப்போடலாமுங்கப்பா” என்று சம்மதம் வாங்கிவிட்டான். கல்யாணத்துக்கப்புறம் காயத்ரி அந்த வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. சேதி வந்த அன்று சமையலறையில் நின்றபடியே அழுதாள். குழம்பு தீய்ந்துபோனது. இரண்டு பேரும் அதைச் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். விசேஷம் நல்லபடியாக நடந்தால் அவளுக்குப் பிறந்த வீடு திரும்பக் கிடைத்துவிடும். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான்.

அதுதான் என்னால் முடியவில்லை.

கார்த்திகை மாதம். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதாகச் செய்தி வந்த அன்று என் கைபேசி அடித்தது. ‘மாமா’ என்று பதிந்து வைத்திருந்த எண்ணிலிருந்து முதல்முறையாக அழைப்பு. எழுந்து நின்று எடுத்தேன்.

“ஏனுங்க மாப்ளே, சௌக்கியமுங்களா? கடல்ல என்னமோ சுழிச்சுட்டு நிக்குதாமா. நீங்க கம்ப்யூட்டர்ல வேல பாக்கறவீங்க, கேட்டாச் சொல்லுவீங்கன்னு கார்த்தி சொன்னான். பந்தலுக்குத் தகரம் போடறதுங்களா, துணியே போதுமுங்களா?”

(நான் ஒரு பம்ப் செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன், அது உண்மை.)

“எனக்குத் தெரியாதுங்க மாமா” என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. “பார்த்துச் சொல்றேனுங்க மாமா” என்று சொல்லிவிட்டேன்.

அன்று முதல் நான் வானிலை நிபுணன். புயல் பார்க்கும் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டேன். கடல் முழுக்கக் காற்று கோடுகோடாகச் சுழலும். பச்சை என்றால் சாது, மஞ்சள் என்றால் முறைக்கிறது, சிவப்பு என்றால் அடிக்கப் போகிறது. தாழ்வு மண்டலம் ஆழ்ந்த தாழ்வு மண்டலமானது, பிறகு புயலானது, பிறகு தீவிரப் புயலானது. பெற்ற பிள்ளை வகுப்பு வகுப்பாகத் தேறிப் போவதுபோல எனக்கு ஒரே பெருமிதம். குடும்ப வாட்ஸப் குழுவில் என் குரலில் அறிக்கைகள் வர ஆரம்பித்தன. ஆபீஸில் என் மேலாளர் கேட்ட கணக்கு மட்டும் எந்தத் திசையிலும் நகராமல் நின்றது.

“புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட இத்தன தடவ தெர்மாமீட்டர் பாக்கலீங்க நீங்க” என்றாள் காயத்ரி.

அவளுக்கு எங்கே தெரியும்? தினமும் சாயங்காலம் மாமனார் அழைத்தார், அதுவும் என்னையே.

“இன்னிக்கு எப்படீங்க மாப்ளே?” என்பார், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரை விசாரிப்பது மாதிரி.

“தீவிரமாயிருச்சுங்க மாமா.”

“அட சாமி.”

புயலில் தொடங்கி நூல் விலை, அவருடைய முழங்கால் வலி என்று பேச்சு நீண்டது. கரைக்குப் பக்கத்தில் வந்த புயல் நகராமல் ஒரே இடத்தில் நின்றபோது நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இன்னும் ஓர் அழைப்பு வருமே! (கடலூர்ப் பக்கத்து மக்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் அது கரையைக் கடந்தது. என் கண் முன்னாலேயே சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. நானே மாமனாரை அழைத்தேன்.

“வலுவிழந்துருச்சுங்க மாமா! இப்ப அது வெறும் தாழ்வு மண்டலமுங்க. துணிப்பந்தலே போதும்.”

“கெழக்கால நெம்ப இருட்டீட்டு இருக்குதுங்களே மாப்ளே?”

“அது சும்மா மிச்சம் மீதிங்க மாமா.”

பந்தல்காரர் தகரத்தை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். மாமனார் கைபேசியை அவரிடம் கொடுத்தார். “எறக்கிருங்க” என்றேன் கம்பீரமாக. “மாப்ளையே சொல்லிப்போட்டீங்க, பொறவென்னங்க” என்று அவரும் இறக்கிவிட்டார். வீட்டிலிருந்த எல்லோருக்குமே சந்தேகம் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை வார்த்தையைத் தட்டும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதிலும் இப்போதுதான் உறவாகிவரும் மாப்பிள்ளையை யார் தட்டுவார்கள்?

நான் செய்த தவறு இதுதான். அத்தனை நாளும் நான் பார்த்தது காற்றின் வேகத்தை மட்டும். அதே செயலியில் விரலால் ஒரு தள்ளு தள்ளினால் மழைக்கென்று தனிப் படம் ஒன்று உண்டு. அதை நான் ஒருநாளும் தள்ளவில்லை. புயல் வலுவிழந்தால் காற்றைத்தான் விடும், தண்ணீரை விடாது. அவ்வளவு தண்ணீரையும் சுமந்துகொண்டு சேலம், ஈரோடு வழியாக அது நிதானமாக எங்கள் விசேஷத்துக்கு வந்து சேர்ந்தது.

காலையில் நாங்கள் போய் இறங்கியபோது வெறும் தூறல்தான். வெள்ளைத் துணியும் ரோஸ் நிறத் தொங்கலுமாகப் பந்தல் அழகாக இருந்தது. மாமியார் ஆரத்தி எடுத்து, “உள்ள வா அம்மணி” என்று காயத்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் வாசற்படியில் வலது காலை எடுத்து வைத்தாள். அந்த நிமிஷத்தில் வானம் பிளந்து கொட்டியது.

பந்தல் துணி நிறைமாத வயிறாகத் தொங்கியது. யாரோ ஒரு புண்ணியவான் கீழேயிருந்து கம்பால் குத்திவிட, அவ்வளவு தண்ணீரும் சாம்பார் அண்டாவுக்குள் இறங்கியது. சாம்பார் இரண்டு மடங்கானது. சொந்தக்காரர்கள் நாற்காலியைத் தலைக்கு மேலே கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நட்ட நடுவில் நின்று, கைபேசித் திரையை வேட்டியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னும் பச்சையாத்தானுங்க மாமா காட்டுது…”

மாமனார் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“அந்தப் போனைத் தூக்கிக் கெணத்துல போடுங்க மாப்ளே! தல மேல கொட்டறது தெரியலீங்களா? பச்சையாமா பச்சை! புடிங்க இந்தத் தார்ப்பாயை! வெரசா! மரமாட்டம் நின்னா ஆச்சுங்களா?”

ஊரே பார்க்கத் திட்டினார். என் முகத்தைப் பார்த்து, மகளிடம் சொல்லாமல், நேராக என்னையே திட்டினார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஓடிப்போய் முனையைப் பிடித்தேன்.

“கார்த்தி, தறியெல்லாம் நிறுத்து!” என்று கத்தினார். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தார்ப்பாயை உயர்த்திப் பிடிக்க, நடுவில் குழந்தையோடு காயத்ரி. வழுக்கி விழாத குறையாகத் தறிக்குடோனுக்குள் போய்ச் சேர்ந்தோம். பின்னாலேயே சொந்தபந்தம் மொத்தமும் வந்தது. தலை துவட்ட, தறியில் ஓடி முடிந்த காடாத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார் மாமியார். நூல் மூட்டை மேல் கார்த்தி உட்கார்ந்தான். அவன் மடியில் என் மகளுக்குக் காது குத்தினார்கள். அவள் அலறினாள். தறி நின்ற பிறகும் அங்கே எல்லோரும் பழக்கதோஷத்தில் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் அவள் அலறல் தனியாகத் தெரியவில்லை.

தறி வரிசைகளுக்கு நடுவே இலை போட்டுச் சாப்பாடு. சாம்பார் போனதால் ரசமும் தயிரும்தான். பாயசத்தில் கொஞ்சம் பஞ்சு மிதந்தது. மாமனார் வந்து எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கூரைமேல் மழை அடிப்பதைக் கேட்டார்.

“ஏனுங்க மாப்ளே, வலுவிழந்ததே இப்படீன்னா, வலுவோட வந்திருந்தா நாமெல்லாம் இப்ப கேரளாவுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருப்பமுங்களா?”

குடோனே சிரித்தது. காயத்ரி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். மாமனார் எச்சில் கையை நீக்கி, இடது கையால் அவள் தலையில் தட்டினார். “பாத்து கண்ணு, பாத்து” என்றார். அவள் சிரிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது.

இன்றைக்கும் அந்த வீட்டில் குழந்தை அழுகையை நிறுத்தினால், “வலுவிழந்துருச்சுங்க, இனிமேத்தான் இருக்குது” என்பார்கள். மாமியாருக்குக் கோபம் தணிந்தாலும் அதேதான். என்னைப் பார்த்ததும் பந்தல்காரர் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறார்.

போன கார்த்திகையிலும் மாமனார் அழைத்தார்.

“மாப்ளே, கடல்ல மறுபடியும் ஒண்ணு சுழிக்குதாமா.”

“நான் இன்னும் பாக்கலீங்க மாமா.”

“நீங்க பாக்கவே வேண்டாமுங்க. புள்ளையக் கூட்டீட்டுக் கெளம்பி வாங்க. பேஞ்சா எல்லாரும் ஒரே எடத்துல இருந்துக்கலாம்.”

அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். அந்தப் புயல் எங்கே கரையேறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.