எக்ஸ் மூட்டை அரிசி

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு ஹைஸ்கூலில், சாக்பீஸும் கரும்பலகையும் ஒரு வாத்தியாரும் இருந்தால் ஆல்ஜீப்ரா நடத்திவிடலாம் என்று எல்லோரும் பல வருஷமாகத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1944-ம் வருஷம் ஜூன் மாதம், ஹெட்மாஸ்டர் ரெங்கமன்னார் பி.ஏ., எல்.டி. அவர்கள் அந்தத் தப்பைத் திருத்தினார்.

கோடை விடுமுறையில் அவர் சென்னையில் நடந்த ஒரு மகாநாட்டுக்குப் போயிருந்தார். போனவர் கடற்கரையைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பியிருக்கலாம். சும்மா திரும்புகிற ஜாதியாக இருந்தால் அவர் ஏன் ஹெட்மாஸ்டர் ஆகிறார்? அந்த வருஷம் சென்னையில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு புது நாகரிகம் வந்திருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ‘எதிர்பார்ப்புகளும் விதிகளும்’ எழுதி வாசலில் ஒட்டவேண்டும். பாடம் நடத்துவது பற்றி அந்த மகாநாட்டில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

ஆல்ஜீப்ரா வகுப்பு வாசலில் ஒட்டப்பட்ட தாள் கதவைவிட நீளமாக இருந்தது. மாணவன் இரண்டு பென்சில், ஒரு ரப்பர், நல்லெண்ணம் ஆகியவற்றுடன் வருதல் வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் அதனை முந்தின நாள் மாலை நான்கு மணிக்குள் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். அதன் பின்னர் எழும் சந்தேகங்கள் பரிசீலிக்கப்பட மாட்டா. தப்பான விடைகளைச் சிவப்பு மையில் மட்டுமே எழுதுதல் வேண்டும். சண்டைக் காலமானதால் ஊரில் சிவப்பு மை கிடைக்கவில்லை. எனவே தப்பான விடைகள் மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டன.

இத்தனையையும் தலையில் வாங்கிக்கொண்டவர் கணக்கு வாத்தியார் தேவஇரக்கம். ராஜபாளையத்துக்காரர். மடவார் வளாகத்தில் வாடகை வீடு, மனைவி ஏசம்மாள், மூன்று பிள்ளைகள். ஆல்ஜீப்ராவைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரே குறை, அவருடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தர உத்தியோகஸ்தர் என்று ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுத்தால்தான் வெளியூர்க்காரருக்கு ரேஷன் கார்டு. தற்காலிக வாத்தியாருக்குத் தற்காலிகப் பசிதான் இருக்கும் என்பது சப்ளை ஆபீஸின் தீர்மானமான அபிப்பிராயம். ஆகவே அந்த வீட்டில் மாசக்கணக்காகச் சோளச்சோறு. கடைசிப் பிள்ளைக்கு அது வயிற்றில் தங்கவில்லை. கார்டு எப்போது வரும் என்று ஏசம்மாள் காலையில் ஒரு தடவை கேட்பாள், சாயங்காலம் ஒரு தடவை கேட்பாள். நடுவில் பார்வையாலேயே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்படியிருக்கையில் ஒருநாள், விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க ஹெட்மாஸ்டர் ஆறாவது பாரத்துக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தேவஇரக்கம் கணீரென்று ஆரம்பித்தார். “ராஜபாளையத்தில் ஒரு வியாபாரியிடம் எக்ஸ் மூட்டை அரிசி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதியை விற்றார். நாலு மூட்டையை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார். மிச்சம் இரண்டு மூட்டை. அப்படியானால்...”

“நிறுத்துங்கள், மிஸ்டர் தேவஇரக்கம். எத்தனை மூட்டை என்றீர்கள்?”

“எக்ஸ் மூட்டை சார்.”

“எக்ஸ் என்றால் எத்தனை?”

“அது தெரியாது சார். அதைத்தான் கண்டுபிடிக்கப் போறோம்.”

“தெரியாத மூட்டையை வைத்துக்கொள்வோம் என்கிறீர்கள். அதுவும் அரிசி. அதுவும் கட்டுப்பாடு இருக்கும்போது.”

“ஒரு பேச்சுக்கு வச்சுக்கிடறதுதான் சார்.”

“பதுக்குகிறவன் எவனும் ஒரு பேச்சுக்குத்தான் வைத்துக்கொள்கிறான். எத்தனை என்று சொல்லாமல் வைத்திருந்தால் அதற்குப் பெயர் பதுக்கல். நீங்களோ ‘வைத்துக்கொள்வோம்’ என்கிறீர்கள். அந்த ‘வோம்’ இருக்கிறதே, அதில் வகுப்பு முழுக்க இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற நானும் இருக்கிறேன்.”

அரிசிக்குப் பதில் பருத்தி என்று மாற்றிக்கொள்ளலாமா என்று தேவஇரக்கம் பணிவாகக் கேட்டார். பருத்திக்கும் கட்டுப்பாடு. சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி, எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. யோசித்துப் பார்த்ததில் தென்னமட்டை ஒன்றுதான் மிஞ்சியது. மட்டையானாலும் சரி, ‘வைத்துக்கொள்வது’ என்பது ஒரு கௌரவமான பள்ளிக்கூடத்தில் பேசத்தக்க சொல் அல்ல என்றார் ஹெட்மாஸ்டர். பின்வரிசைப் பையன்கள் குனிந்து சிரித்தார்கள். ஊரில் எந்தப் பெரியமனுஷர் யாரை வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எழுதத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் வாசல் தாளில் ஒரு விதி கூடியது. இனி எக்ஸ் எதுவாயினும் அதன் மதிப்பு, வகுப்பு தொடங்குமுன் கரும்பலகையின் வலது மேல்மூலையில் பகிரங்கமாக அறிவிக்கப்படுதல் வேண்டும்.

அப்படியே அறிவிக்கப்பட்டது. மூலையில் எக்ஸ் பன்னிரண்டு என்று எழுதிவிட்டு, எக்ஸ் எத்தனை என்று கேட்பார் தேவஇரக்கம். பன்னிரண்டு என்பார்கள் பையன்கள். சரி என்பார் இவர். முதல் இரண்டு நாள் அதைப் பையன்களைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் நாள் பழகிவிட்டது. பரீட்சையில் வகுப்பு முழுதும் நூற்றுக்கு நூறு. பிறந்ததிலிருந்து கணக்கில் முட்டை தவிர வேறொன்றும் வாங்கியறியாத மம்சாபுரம் கருத்தப்பாண்டியும் நூறு. அவன் அப்பன் வேல்சாமி பள்ளிக்கூடத்துக்கே வந்து, வாத்தியாருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துக் கண்கலங்கிவிட்டுப் போனான். ஆல்ஜீப்ராவின் பயனாக அந்த வருஷம் யாருக்காவது ஏதாவது கிடைத்தது என்றால் அந்தப் பழம்தான்.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்ளாவிட்டால் ஹெட்மாஸ்டருக்குத் தூக்கம் வராது. விதி போடுவதற்கு முன்னால் வைத்துக்கொண்ட அந்த எக்ஸ் மூட்டைக்கு என்ன பரிகாரம் என்று சப்ளை ஆபீசருக்கு எழுதிக் கேட்டுவிட்டார்.

சப்ளை ஆபீசர், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் இரண்டு சேவகர்களோடு வந்து இறங்கினார். அவர் ஏற்கெனவே ஒரு சங்கடத்தில் இருந்தார். அந்த மாதம் அந்தத் தாலுகாவில் நாற்பது மூட்டை பதுக்கல் அரிசி பிடிபட்டே ஆகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பதுக்கல்காரர்கள் யார், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவ்வளவு பேரும் அவருக்கு வேண்டியவர்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர்கள் மூட்டையைப் பிடிக்க அவர் என்ன நன்றி கெட்டவரா?

ஆறாவது பாரத்தையும் சோதனைச் சாலையையும் டிரில் மாஸ்டர் அறையையும் சோதித்தார்கள். ஒரு மூட்டை கர்லாக்கட்டை கிடைத்தது. அதன் பிறகு ஆபீசர் தேவஇரக்கத்தைத் தனியே உட்காரவைத்து விசாரித்தார்.

“ராஜபாளையத்திலேருந்து நாலு மூட்டை இங்க வந்ததுன்னு சொன்னீராமே. பெர்மிட் இருந்ததா?”

“அது கணக்குங்க.”

“கணக்கு இருக்கட்டும்வே. பெர்மிட் இருந்ததா? சரி, வியாபாரி பேரென்ன?”

“பேரு கிடையாதுங்க. வேணும்னா ஒய்-னு வச்சுக்கிடலாம்.”

ஆபீசர் எழுதிக்கொண்டார். ‘ஒய் என்பவர் தலைமறைவு.’

எதைச் சொன்னாலும் எழுதுகிறாரே என்ற பயத்தில் தேவஇரக்கம் ஆல்ஜீப்ராவை அடியிலிருந்து விளக்க ஆரம்பித்தார். சமன்பாடு என்றால் தராசு மாதிரி, இந்தத் தட்டில் எடுத்தால் அந்தத் தட்டிலும் எடுக்க வேண்டும் என்றார். ஆபீசர் தலையாட்டினார். வியாபாரி இருப்பதைவிட அதிகமாக விற்றதாகக் கணக்கு வந்தால் மைனஸ் மூட்டை வரும், ஆனால் நடைமுறையில் அப்படி எங்கும் இருக்காது என்றார். “யாரு சொன்னா? எங்க கிடங்குக்கு வாரும், காட்டுதேன்” என்றார் ஆபீசர். அந்த வருஷம் முழுவதும் தேவஇரக்கத்துக்கு வாய்த்த ஒரே புத்திசாலி மாணவன் அவர்தான்.

எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு ஆபீசர் கேட்டார். “மிச்சம் ரெண்டுன்னா எக்ஸ் எம்புட்டு?”

“பன்னிரண்டுங்க.”

“பத்தாதே. எனக்கு நாற்பது வரணும். மிச்சம் எம்புட்டுன்னு வச்சா நாற்பது வரும்?”

தேவஇரக்கத்துக்குப் புல்லரித்துவிட்டது. வாத்தியார் வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு ஜீவன்கூட அவரிடம் கணக்கைத் திருப்பிப் போட்டுக் கேட்டதில்லை. எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்காமலே, “பதினாறுங்க” என்று சொல்லிவிட்டார்.

“படிப்புன்னா இதுல்லா படிப்பு” என்றார் ஆபீசர். மிச்சம் பதினாறு என்று கணக்கு திருத்தப்பட்டது. எக்ஸ் நாற்பதாயிற்று. ஒய் என்பவர் பதுக்கிய நாற்பது மூட்டை, கணித ஆசிரியர் தந்த தகவலின் பேரில், கணித முறைப்படி கண்டுபிடிக்கப்பட்டுப் பறிமுதல் ஆனது. தகவல் தந்தவர் என்ற இடத்தில் தேவஇரக்கம் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஹெட்மாஸ்டரிடம் சொல்லி வேலை நிரந்தரம், கார்டு கைமேல். போடாவிட்டால், ஒய் தலைமறைவாக இருக்கிறபடியால் ஒய்யின் கூட்டாளியைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும் என்று ஆபீசர் வருத்தத்தோடு சொன்னார். ஒருநாள் தவணை கொடுத்தார்.

வீட்டில் தேவஇரக்கம் விஷயத்தைச் சொன்னார். இல்லாத மூட்டையை இருந்தது என்று கையெழுத்துப் போடுவது பொய்ச்சாட்சி, பத்துக் கட்டளையில் ஒன்று என்றார். ஏசம்மாள் சோள மாவைச் சலித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு எனக்கும் தெரியும்ங்க. எக்ஸும் ஒய்யும் எனக்கு வேண்டாம். கார்டு நெசக் கார்டுதானே?”

“நெசக் கார்டுதான்.”

“அப்ப போட்டுட்டு வாங்க. கர்த்தர்கிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சோற்றையே மறைக்கிற வேலையில் தமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாமலில்லை. ஆனால் கடைசிப் பிள்ளையின் விலா எலும்பு அவருக்குத் தெரிந்த அளவுக்கு அது தெரியவில்லை.

ஒரே வாரத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. கார்டும் வந்தது. ஏசம்மாள் அதைப் பைபிளுக்குள் வைத்துவிட்டு வாய்க்கு வாய் அரிசிச்சோறு பற்றிப் பேசினாள். சப்ளை ஆபீசருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ஹெட்மாஸ்டரின் விதிகள் அச்சாகி மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் போயின. எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்தது என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் மேலிடத்தில் இருந்தவர்களும் ஆல்ஜீப்ரா படித்தவர்கள். இந்தத் தட்டில் நாற்பது ஏறினால் அந்தத் தட்டில் நாற்பது இறங்க வேண்டுமே. ‘தங்கள் ஊரிலேயே நாற்பது மூட்டை கிடைத்திருப்பது குறித்து மகிழ்ச்சி. எனவே இம்மாதம் தங்களுக்கு அனுப்ப வேண்டிய நாற்பது மூட்டை அனுப்பப்படமாட்டாது’ என்று எழுதிவிட்டார்கள்.

ரேஷன் போடுகிற நாள் காலையில் ஊரே பையும் கையுமாக வரிசையில் நின்றது. தேவஇரக்கம் புதுக் கார்டோடும் ஏசம்மாளோடும் நின்றார். அவருக்கு முன்னால் ஹெட்மாஸ்டர் ரெங்கமன்னார் ஒரு பட்டுக்கரைப் பையோடு நின்றார். அவர் சொன்ன அந்த ‘வோம்’ அன்றைக்குத்தான் முழுசாக ஒரே இடத்தில் கூடியிருந்தது. உள்ளே ஒரு மூட்டையும் கண்ணில் படவில்லை. கடைக்காரர் மலைச்சாமி பலகைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அரிசி வந்துருச்சா இல்லையா?” என்று முன்னால் நின்ற வேல்சாமி கேட்டான். மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மம்சாபுரத்திலிருந்து இருட்டோடு நடந்து வந்தவன்.

“வந்துருச்சுன்னு வச்சுக்கிடுங்க” என்றார் மலைச்சாமி.

“வச்சுக்கிடுறதுன்னா? எம்புட்டு வந்துருக்கு?”

மலைச்சாமி பக்கத்திலிருந்த கரும்பலகையைக் காட்டினார். அதன் வலது மேல்மூலையில் இருப்பு என்று போட்டு ஓர் எண் எழுதியிருந்தது. வேல்சாமிக்கு எழுத்துத் தெரியாது. கருத்தப்பாண்டி எட்டிப் பார்த்து, வகுப்பில் சொல்கிற மாதிரியே கைகட்டி நின்று சத்தமாகச் சொன்னான்.

“நாற்பது, சார்.”

“சரி” என்றார் தேவஇரக்கம். வாய் பழகிய பழக்கம், தானாக வந்துவிட்டது.

கணக்கு வாத்தியாரே சரி என்று சொல்லிவிட்டார். வேல்சாமி மகனைத் தட்டிக்கொடுத்தான். வரிசை ஒருமாதிரி திருப்தியோடு கலைய ஆரம்பித்தது. ஏசம்மாள் மட்டும் நகராமல் நின்று, மலைச்சாமியைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். சந்தேகம் இருந்தால் நேற்று மாலை நாலு மணிக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் அவளுக்கு மரியாதையாகத் தெரிவித்தார். தேவஇரக்கம் வெறும் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.