துரைராசு வீட்டில் இரண்டு பேய்கள்

"தம்பி, அந்தப் பலகைய மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் நான் பொறுத்துக்கறேன்," என்று துரைராசு மீண்டும் ஒருமுறை கெஞ்சினார்.

அவருடைய பாட்டனார் கட்டிய மச்சு வீட்டின் முகப்பில், 'உயிரோடு உள்ளே வராதே' என்னும் வாசகம் தாங்கிய பலகை ஒன்று இரத்தம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. இரத்தமென்பது சிவப்புச் சாயமேயாயினும், மகளைப் பெண் கேட்டு வேதாரண்யத்திலிருந்து வருகிறவர்கள் வாசலில் முதன்முதலாகப் படிக்கத் தக்க வாசகம் அது அன்று என்பது அவருடைய தாழ்மையான கருத்து.

பாபநாசத்துக்கு அருகே, வயல்களுக்கு நடுவில் தனியாக நின்ற அந்த வீட்டைப் பேய்ப்படம் எடுப்பவர்களுக்கு அவர் வாடகைக்கு விட்டிருந்தார். படப்பிடிப்பு நேற்றோடு முடிந்திருக்க வேண்டும். நேற்றோ மழை பிடித்துக்கொண்டது. பேய் நனைந்தால் அதன் முகம் கரைந்துவிடுமாம். ஆகவே இயக்குநர் ஒருநாள் தள்ளிப்போட்டார். சம்பந்திகள் தள்ளிப்போடவில்லை.

"பலகைய எடுத்தா இது பேய் வீடுன்னு ஆடியன்ஸுக்கு எப்படி சார் தெரியும்?" என்றான் உதவி இயக்குநர் பரணிதரன்.

"உள்ளதான் பேய் இருக்குமே, அதப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

"பேயப் பாத்தா மட்டும் பேய்னு தெரிஞ்சிடுமா? வெள்ளைப் புடவை கட்டணும், தலைய விரிச்சுப் போடணும். எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்கு சார்."

துரைராசுவின் மனைவி கமலாம்பாள் கேசரி கிண்டிய கரண்டியோடு வெளியே வந்தார். "ஏன் தம்பி, செத்தவங்களுக்கெல்லாம் வெள்ளைப் புடவை யாரு எடுத்துக் குடுக்கறது? எங்க நாத்தனார் போனப்ப கத்தரிப்பூக் கலரு பட்டுல்ல கட்டியிருந்தாங்க?"

"அவங்க பேயா வரலியே ஆன்ட்டி."

"வந்தாலும் அந்தப் பட்ட அவுக்க மாட்டாங்க. அவங்க கொணம் எனக்குத் தெரியும்."

பரணிதரன் பொறுமையாக விளக்கினான். சாகப் போகிற பெண் சிவப்பாக இருப்பாள். பாவாடை தாவணியும் கொலுசும் அணிந்திருப்பாள். சாகடிப்பவன் கறுப்பாக, பெரிய மீசையோடு இருப்பான். அவன் மனைவிக்கு நெற்றி நிறையப் பொட்டு. படம் தொடங்கியவுடனேயே யார் யாரைக் கொல்வார் என்பது குழந்தைக்கும் விளங்கிவிட வேண்டும்.

"அப்பறம் மிச்சப் படம் எதுக்கு?" என்றார் கமலாம்பாள். பிறகு தம் கணவரை மேலும் கீழும் பார்த்தார். "இவரும் கறுப்புதான், மீசையும் இருக்கு. இத்தன வருசத்துல ஒரு கோழியக் கூடக் கொன்னதில்ல."

துரைராசு தாமே ஏறிப் பலகையைத் திருப்பி மாட்டினார். மறுபக்கத்தில் 'மயானத்துக்குச் செல்லும் வழி' என்று எழுதி, வீட்டின் வாசலைச் சுட்டி அம்புக்குறியும் போட்டிருந்தது. அவர் அவசரமாக மனைவியின் பச்சைப் பட்டுப் புடவை ஒன்றை வாங்கி அதன்மேல் போர்த்தினார்.

உள்ளேயிருந்து மகள் குந்தவை எட்டிப் பார்த்தாள். தஞ்சாவூரில் மாட்டு டாக்டராக இருப்பவள். நாகப்பட்டினத்தில் மீன்வளத் துறையில் இருக்கும் வேதாரண்யத்துப் பையனை அவளே விரும்பி, அவனும் அவளை விரும்பி, இரு வீட்டாரும் தொலைபேசியில் சம்மதித்து, இவர்கள் யாருமே நேரில் பார்த்திராத பையனின் பெற்றோர் மட்டும் இன்று வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

"அப்பா, அவங்க ரொம்ப சிம்பிளான மனுஷங்க. நீங்களா எதயாவது பேசிக் கெடுத்துடாதீங்க. எனக்கு இந்த இடம் வேணும்ப்பா."

"நான் எதுக்கும்மா கெடுக்கறேன்? அவங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லப் போறேன்," என்று அவர் தைரியம் கூறினார். அந்தத் தைரியந்தான் பின்னர் அத்தனை தொல்லைக்கும் காரணமாயிற்று.

பரணிதரன் ஒரு பிளாஸ்டிக் வாளியை நீட்டினான். "லைவ் சவுண்டு சார். எல்லாரும் போனைப் போடுங்க. நடுவுல மணி அடிச்சா டைரக்டர் என்னை அடிப்பாரு."

"சம்பந்தி கூப்புடுவாங்களே!"

"வாசல் தெரியாமலா போயிடுவாங்க? அம்புக்குறிதான் போட்டிருக்கே. நானே கும்பகோணத்துலேருந்து ஆள் வரலன்னு டென்ஷன்ல இருக்கேன். நாலு பேர் வரணும், ஒருத்தரையும் காணோம்."

போன்கள் வாளிக்குள் விழுந்தன. சற்று நேரத்திற்கெல்லாம் பரணிதரனின் மகிழ்ச்சிக் குரல் கொல்லைப்புறமிருந்து கேட்டது. "ரெண்டு பேய் ஆட்டோவுல வந்து எறங்கிடுச்சு! மேக்கப்புக்கு அனுப்பியாச்சு!"

பேய்கள் ஆட்டோவில் வருவதைப் பற்றித் துரைராசு வியப்பதற்குள், வாசலில் கார் ஒன்று வந்து நின்றது.

காரிலிருந்து இறங்கியவரைக் கண்டதுமே அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, விரல் கனத்துக்கு முறுக்கிய மீசை. உடன் இறங்கிய அம்மாளோ, அகலக் கரைப் புடவையும் நெற்றி நிறையப் பொட்டும் கழுத்துக் கொள்ளாத நகையுமாக நடந்து வந்தார். இரண்டு பேருமே யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"சிம்பிளான மனுஷங்கன்னா?" என்று கமலாம்பாள் காதோடு கேட்டார்.

"சிம்பிள்னு சொல்லிக்கிறதுதான் பெரிய எடத்துப் பழக்கம். நீ காப்பியப் போடு." துரைராசு கைகூப்பியபடி ஓடினார். "வாங்க, வாங்க! வழியில சிரமம் ஒண்ணும் இல்லியே?"

மீசைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணோட அப்பா நீங்கதானா?"

"ஆமாங்க."

"பாத்தாலே தெரியுது. தோள்ல துண்டு, கையில நடுக்கம். கச்சிதமா இருக்கீங்க."

இவ்வளவு வெளிப்படையாக ஒருவரைப் புகழ்வார்களா, இகழ்வார்களா என்று விளங்காமல், துரைராசு அவர்களைக் கூடத்து நாற்காலிகளில் அமர்த்தினார். கலை இயக்குநர் பசையால் பின்னிய சிலந்திவலை அம்மாளின் கொண்டையில் ஒட்டிக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க, பேய்ப்படம் எடுக்கறாங்க..."

"தெரியாமலா வந்தோம்?" என்றார் அம்மாள், வலையை அலட்சியமாகப் பிய்த்தெறிந்தபடி. எத்தகைய பெருந்தன்மை என்று துரைராசு உருகிப்போனார்.

அப்போதுதான் சன்னலில் அந்த இரண்டு முகங்களும் தோன்றின.

ஒன்று ஆண், மற்றொன்று பெண். முகமெல்லாம் வெண்சாந்து, கண்ணைச் சுற்றிக் கரி, தலைமுடி தோளில் சிதறிக் கிடந்தது. உதடுகள் இரண்டையும் கறுப்பு நூலால் தைத்ததுபோல் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். அவை இரண்டும் துரைராசுவை நோக்கி மிக மரியாதையாகக் கைகூப்பின.

அவர் குரலெழுப்ப அஞ்சி, கொல்லைக்கு ஓடிப் பரணிதரனைப் பிடித்தார். "என்னப்பா இது! வாய வேற தச்சு வச்சிருக்கீங்க?"

"அவங்க மாமியார் வீட்டுக் கொடுமையில செத்துப்போன அப்பாவிங்க சார். அப்பாவிங்க வாயத் தொறந்து பேசிட்டா அப்பறம் யாரு பயப்படுவாங்க? அதான் ஒட்டிட்டோம். மூணு மணி நேரத்துக்கு அசையாது, நல்ல பசை."

"சம்பந்தி முன்னாடி வராமப் பாத்துக்குங்கப்பா!"

"நான் இன்னும் வராத ரெண்டு பேரத் தேடணும் சார்," என்று அவன் ஓடிவிட்டான்.

திரும்பினால், பேய்கள் இரண்டும் அவருக்குப் பின்னாலேயே நின்றன. பெண்பேய் தன் மார்பைத் தொட்டுக் காட்டிற்று. பிறகு வீட்டினுள் கைகாட்டிற்று. பிறகு அவரைக் காட்டிற்று.

"பசிக்குதாம்மா? சாப்பாடு வேன்ல குடுப்பாங்க."

பேய் தலையை வேகமாக ஆட்டி மறுத்தது. ஆண்பேய் அவருடைய சட்டைப்பையைச் சுட்டி, உள்ளங்கையில் எழுதுவதுபோல் பாவனை செய்தது.

"கையெழுத்தா? நான் நடிகன் இல்லப்பா, வீட்டுக்காரன்."

ஆண்பேய் தலையில் அடித்துக்கொண்டது. நடிப்பில் இவ்வளவு ஈடுபாடுள்ளவர்களை வெறுமனே விரட்டுவது முறையன்று எனக் கருதி, துரைராசு அவர்கள் தோளில் கைபோட்டு அன்பாகவே மாட்டுக்கொட்டகைக்கு நடத்திச் சென்றார். "ஒரு அரைமணி இங்க ஒக்காருங்க. என் பொண்ணு வாழ்க்கைப் பிரச்சினை. நீங்களும் பொண்ணு புள்ள பெத்திருப்பீங்க." அவர்கள் கண்கள் விரியப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கதவைச் சாத்தினார்.

கதவைச் சாத்துமுன் மாட்டின் கருத்தையும் கேட்டிருக்க வேண்டும். வாய் தைத்த இரண்டு வெள்ளை உருவங்களோடு தனித்திருக்க அது விரும்பவில்லை. கயிற்றை அறுத்தது, கதவை முட்டியது, அடுப்படியைக் கடந்து கூடத்தின் நடுவில் வந்து நின்றது. மீசைக்காரர் நாற்காலிமேல் ஏறிக்கொண்டார்.

"இதப்பத்தி யாருமே சொல்லலியே!" என்று அம்மாள் கூவினார்.

"சாதுவான மாடுங்க! பேயப் பாத்ததுல கொஞ்சம்..."

பட்டுப் புடவையோடு ஓடிவந்த குந்தவை மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பற்றினாள். அது வாலை வீசி, ஒட்டியிருந்த சாணத்தை அவள்மேல் இறைத்தது. சம்பந்திகளை நிமிர்ந்தும் பாராமல், அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே கொட்டகைக்கு ஓட்டிச் சென்றுவிட்டாள். காலையில் மூன்று மணி நேரம் செய்த அலங்காரம் அத்தோடு முடிந்தது.

"அவ மாட்டு டாக்டருங்க," என்றார் துரைராசு, அழாக்குறையாக.

மீசைக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் குரலே மாறிப்போயிருந்தது. "எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு வேலைக்கெல்லாம் போகக் கூடாது!"

துரைராசு ஓரடி பின்வாங்கினார். "போன்ல அப்படிச் சொல்லலீங்களே..."

"போன்ல ஆயிரம் பேசுவோம்! வாய்க்கால் ஓரத்து நஞ்சை எங்க பையன் பேருக்கு வரணும். பொண்ணு சாயங்காலத்துக்குமேல வாசப்படி தாண்டக் கூடாது. சம்மதமா?"

மறுத்தால் மகள் விரும்பிய இடம் கைநழுவும். ஒப்பினால் மகளே கைநழுவுவாள். என்ன சொன்னாலும் சரியென்று சொல்வதாக அவளுக்கு வாக்களித்தது நினைவுக்கு வர, அவர் கண்கள் கலங்கின. "அவ ஆசப்பட்டுப் படிச்ச படிப்புங்க... கொஞ்சம் மனசு வைக்கணும்."

அம்மாள் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் அழுங்க."

இப்படியும் ஒரு பெண்பிள்ளை உலகத்தில் உண்டா! துரைராசுவுக்கு உண்மையாகவே அழுகை பீறிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"ஆங், இது!" என்றார் அம்மாள், திருப்தியோடு. "இப்ப கால்ல விழுங்க."

"ஏங்க, வேணாங்க!" என்று கமலாம்பாள் காப்பித் தட்டோடு அலறினார். "இந்த இடமே வேணாம். எம் பொண்ணு மாடு மேய்ச்சாலும் மேய்க்கட்டும்!"

"நீ சும்மா இரு கமலா. அவ ஆசப்பட்ட எடம்." அவர் முழங்காலிட்டார். "நஞ்சைய எழுதித் தந்துடறேங்க. வேலைய... வேலையும் விடச் சொல்லிடறேன்."

"யாரு வேலைய யாருப்பா விடச் சொல்றது?"

வாசற்படியில் குந்தவை நின்றுகொண்டிருந்தாள். புடவையில் சாணம், கையில், மாட்டின் புண்ணுக்குத் தடவும் வேப்பெண்ணெய்ப் புட்டி. அவளுக்கு இருபுறமும் அந்த இரண்டு பேய்கள். உதட்டு ரப்பர் பாதி உரிந்து, எண்ணெய் வழியும் மோவாயில் தொங்கியது.

"பாவம்ப்பா, மூச்சுவிட முடியாமத் தவிச்சாங்க. நான்தான் எண்ணெய் போட்டு எடுத்துவிட்டேன். உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு சைகை காட்டறாங்க."

"பேயெல்லாம் எதுக்கும்மா கூடத்துக்குக் கூட்டிட்டு வர்ற? சம்பந்தி ஒக்காந்திருக்காங்க!"

பெண்பேய் மீதி ரப்பரையும் பிடுங்கி எறிந்தது. குந்தவையின் கையை இறுகப் பற்றிக்கொண்டது.

"ஆட்டோவுலேருந்து எறங்குனதுமே ஒரு தம்பி முகத்துல பூச வரவும், வேதாரண்யத்துலேருந்து வர்ற சம்பந்திக்குச் சந்தனம் பூசறாங்கன்னு நெனச்சு முகத்தக் காட்டுனது எங்க தப்புதாங்க, ஆனா எங்க மருமக வேலைய நீங்க யாருக்குங்க விட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க?"